சொட்டுக் குழாய் துடைத்த துணி

போடியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் அட்டெண்டராக இருக்கிறேன். பீக்கர், பிப்பெட் எல்லாம் கழுவிக் கவிழ்ப்பது, ஆசிட் பாட்டில்களை எடுத்து வைப்பது, பிள்ளைகள் எதையாவது உடைத்தால் திட்டுவது, இதுதான் என் வேலை. திட்டுவதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். "உன் வாய்க்குப் பிரேக்கே கிடையாதுடி" என்பார். போடிமெட்டு வளைவுகளில் தினமும் ஏறி இறங்குகிறவர் பிரேக்கைப் பற்றிச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் வேலையில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. நான் கழுவிய கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒரு தண்ணீர்க் கறை இருக்காது. அதில் எனக்குப் பெரிய கர்வம். இதை எழுதும்போதே காது சூடாகிறது.

அந்தப் பளபளப்புக்கு ஒரு துணி வைத்திருந்தேன். சாயங்காலமானால் எங்கள் வீட்டில் ஏலக்காய் வேலை. கடையிலிருந்து மூட்டை வரும். காம்பு கிள்ளி, வெடித்த காயைத் தள்ளி, பச்சையையும் வெளிறியதையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். கடைசியில் காயைப் பழைய வேட்டியில் கொட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருட்டுவோம். தூசி போய்க் காயில் ஒரு மினுமினுப்பு வரும். அப்படி உருட்டி உருட்டி நைந்த வேட்டி எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பது தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நூல் பிரியாது, கண்ணாடியில் கீறல் போடாது. கல்லூரியில் தருகிற மஞ்சள் துணி தரை துடைக்கத்தான் லாயக்கு. அதனால் வேட்டியைக் கிழித்து, சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, நாலாக மடித்து ஆய்வகத்துக்குக் கொண்டு போனேன்.

எங்கள் துறைத் தலைவரை எல்லோரும் சார் என்றுதான் சொல்வோம். நான் சேர்ந்த புதிதிலேயே சார் சொல்லியிருந்தார், கழுவின கண்ணாடியைத் துடைக்கக் கூடாது, கவிழ்த்து வைத்துத் தானாக உலர விட வேண்டும் என்று. நானும் சரி சார் என்று தலையாட்டினேன். ஆனால் தானாக உலர்ந்தால் வட்ட வட்டமாகத் தடம் விழுகிறதே! கல்யாண வீட்டுப் பந்தியில் அப்படி ஒரு டம்ளரை வைத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேச மாட்டார்களா? சாருக்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பழக்கமில்லை, அதனால்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் கவிழ்த்து உலர வைத்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பும் முன் என் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுப் போவேன்.

போன வருடம் எம்.எஸ்ஸி. கடைசி ஆண்டில் ஒரு பிள்ளை இருந்தாள். போடிமெட்டைத் தாண்டி, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத் தோட்டத்தில் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் வீடு. அம்மா காய் பறிக்கிறவர், அப்பா மருந்து அடிக்கிறவர். அவள் இங்கே விடுதியில் தங்கிப் படித்தாள். சனிக்கிழமை ஜீப்பில் ஏறிப் போவாள், திங்கட்கிழமை காலை இறங்கி வருவாள். அதிகம் பேச மாட்டாள். இடுப்புக்குக் கீழே ஒரு சடை. மலையிலிருந்து வரும் திங்கட்கிழமைகளில் அந்தச் சடை எண்ணெயில் ஊறி மின்னும். அவள் அம்மா ஏதேதோ இலை போட்டுக் காய்ச்சுவாராம்.

அவள் ப்ராஜெக்ட் அவளாகவே யோசித்தது. ஏலச் செடியின் இலை மெழுகு பூசின மாதிரி வழவழப்பாக இருக்கும். மருந்தைத் தண்ணீரில் கலந்து அடித்தால் முத்து முத்தாக உருண்டு மண்ணில் விழுந்துவிடும். இலையில் படர வேண்டும் என்றால் கூடவே ஒட்டுப் பசை என்று ஒரு ரசாயனத்தைக் கலக்க வேண்டும். எவ்வளவு கலப்பது? அவள் அப்பா குத்துமதிப்பாக ஊற்றுகிறார், பக்கத்துத் தோட்டக்காரர் வேறொரு குத்துமதிப்பில் ஊற்றுகிறார். எவ்வளவு போட்டால் போதும், எதற்கு மேல் போட்டால் வீண் என்று அளந்து பார்க்கிறேன் சார் என்று வந்து நின்றாள். சாருக்கு வாயெல்லாம் பல்.

இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடப்பதைக் காதில் வாங்கியதில் எனக்கும் கொஞ்சம் தெரியும். தண்ணீரின் மேல்பரப்பில், தோல் இழுத்துக் கட்டியது போல ஒரு இழுப்பு இருக்கிறது. பரப்பு இழுவிசை என்று பாடத்தில் வரும். அதனால்தான் தண்ணீர் உருண்டையாக நிற்கிறது. ஒட்டுப் பசை கலந்தால் அந்த இழுப்புத் தளர்ந்துவிடும். அதை அளக்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. நடுவில் குமிழ், அடியில் ஊசி போன்ற துளை. அதன் பெயர் வாயில் நுழையாது, நாங்கள் சொட்டுக் குழாய் என்போம். குமிழ் நிறையத் தண்ணீர் எடுத்து, நுனி வழியாகச் சொட்டுச் சொட்டாக விழ விட்டு எண்ண வேண்டும். இழுப்பு அதிகமாக இருந்தால் சொட்டு நுனியைப் பிடித்துத் தொங்கி, நன்றாகப் பெருத்துத்தான் விழும், எண்ணிக்கை குறையும். இழுப்புத் தளர்ந்தால் சின்னச் சின்னச் சொட்டாக விழும், எண்ணிக்கை கூடும். முதலில் வெறும் தண்ணீருக்கு எண்ணி, அதோடு ஒப்பிட்டுத்தான் மற்றதைக் கணக்குப் போட முடியும்.

அவளுக்கு அந்த வெறும் தண்ணீரே சரியாக வரவில்லை. ஒவ்வொரு காலையும் சொட்டுகள் அதிகமாக விழுந்தன. அதிலும் ஒரு நாள் இருந்தது போல இன்னொரு நாள் இல்லை. புதிதாகத் தண்ணீர் காய்ச்சி வடித்தார்கள். அதே கதை. வேறு குழாய் எடுத்தார்கள். அதுவும் அப்படியே. "கண்ணாடி சுத்தமா இருக்கா?" என்று சார் கேட்டார். என்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை, பொதுவாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. குழாயைக் கொண்டு போய் ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினேன். "நீங்களே பாருங்க சார், கறை இருக்கான்னு." சார் பார்த்தார். வைரம் மாதிரி இருந்தது. "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பழி வேறு எங்கேயாவது போய் இறங்கினால்தான் எனக்கு நிம்மதி. அந்தப் பிள்ளை சொட்டு எண்ணக் குனிந்திருந்தாள். சடை முன்னால் சரிந்து மேசையில் கிடந்தது.

"ஏத்தா, தலையில எத்தனை படி எண்ணெய ஊத்திட்டு வந்த? சொட்டு பூராம் உன் சடையிலதான குளிக்குது" என்றேன். சார் பக்கம் திரும்பி, "தோட்டத்துப் பிள்ளைக அப்படித்தான் சார். குளுருக்கு எண்ணெயத் தடவியே பழக்கம். கைய எங்க வைக்கிறோம், தலைய எங்க வைக்கிறோம்னு ஒரு சுத்தம் இருக்காது" என்றேன்.

அறையில் இருந்த மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. ஆனால், "எண்ணெய்ப் பசை துளி பட்டாலும் ரீடிங் கெடும். அது உண்மைதான்மா, கவனமா இரு" என்று அவளிடம் சொன்னார். அவள் சடையை எடுத்துப் பின்னால் போட்டுக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன், உள்ளதைத்தானே சொன்னேன் என்று நினைத்தபடி அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன்.

மறுநாளிலிருந்து அவள் சீயக்காய் போட்டு அலசி, எண்ணெய் வைக்காமல், பரட்டையாக வந்தாள். தலைக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டாள். வெறும் தண்ணீர் அப்போதும் சரியாக வரவில்லை. "ஊறின எண்ணெய் ஒரு தண்ணியில போயிருமாக்கும்? வேர்க்கால்ல இருக்கும்த்தா" என்றேன். அந்தச் சனிக்கிழமை அவள் மலைக்குப் போகவில்லை. திங்கட்கிழமை வந்தபோது கழுத்தோடு முடியை வெட்டியிருந்தாள்.

எனக்கு ஒரு நிமிடம் திக்கென்றதுதான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "இப்பத்தான் லட்சணமா இருக்க" என்பது. என் சொல்லைக் கேட்டுக்கொண்டாள் என்று ஒரு திருப்தி வேறு. அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

முடி போய் இரண்டு மூன்று வாரமாகியும் தண்ணீர் மாறவில்லை. சார் பொறுமை இழந்துவிட்டார். "இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள வெறும் தண்ணி சரியா வரலேன்னா தலைப்ப மாத்திரு. எண்ணத் தெரியாம இதுல உக்காந்துக்கிட்டு என்ன பண்றது?" என்றார். தலைப்பு மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அந்த வருடம் முடிக்க முடியாது. சார் போன பிறகு அவள் தொட்டியோரம் என்னிடம் வந்து நின்றாள். "அக்கா, இந்த வருசம் முடிச்சாத்தான் உண்டு. வீட்டுல மாப்பிள்ளை பாத்து வச்சிட்டு, படிப்பு முடியட்டும்னு நிப்பாட்டி வச்சிருக்காங்க. இன்னொரு வருசம்னா விட மாட்டாங்க. பட்டம் இல்லாம போயிருவேன்க்கா" என்றாள். எனக்கு மனசு இளகத்தான் செய்தது. அன்றைக்கு அவள் குழாயை இன்னும் கவனமாகக் கழுவினேன். துணியின் முனையைத் திரி போலத் திரித்து, குழாயின் நுனியை அழுத்தி அழுத்தித் துடைத்தேன். அவளுக்கு உதவி செய்கிறேனாம்.

அதற்குள் பொட்டிபுரத்தில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் வந்தது. லீவு போட்டுவிட்டுப் போனேன். வியாழக்கிழமை திரும்பி வந்தால், அந்தப் பிள்ளை முகத்தில் பல நாளாகக் காணாத தெளிச்சி. குழாய் அவள் மேசையிலேயே கவிழ்ந்து உலர்ந்துகொண்டிருந்தது. எடுக்கக் கை நீட்டினேன். அவள் மெல்ல, தரையைப் பார்த்தபடி, "அக்கா, இந்தக் குழாய மட்டும் இனிமே நானே கழுவிக்கிறேன்க்கா" என்றாள்.

"ஏன், என் கையில சொறியா?"

"அய்யோ, அதெல்லாம் இல்லக்கா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான்."

"இத்தனை வருசம் இல்லாத சிரமம் இப்ப என்னத்தா வந்துச்சு?"

அவள் பதில் சொல்லவில்லை. தனியாக இருந்த அந்த நேரத்திலேயே சொல்லியிருந்தால் அது என் காதோடு போயிருக்கும். என் மனம் நோகுமே என்று அவள் பேசாமல் இருந்தாள். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். குழாயைப் பிடுங்கிக்கொண்டு, வகுப்பு நடக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் சார் முன்னால் போய் நின்றேன்.

"சார், இந்தப் பிள்ளைக்கு என் கழுவல்ல நம்பிக்கை இல்லையாம். எண்ணத் தெரியாதவுக கழுவறவ மேல பழியப் போடறாக. உங்க கண்ணு முன்னாடியே கழுவறேன். நீங்களே எண்ணுங்க. தப்பா வந்துச்சுன்னா இந்த லேப்பு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

வகுப்பு மொத்தமும் எழுந்து ஆய்வகத்துக்கு வந்துவிட்டது. சாரும் வேறு வழியில்லாமல் வந்தார். அவள் என் பக்கத்தில் வந்து, "அக்கா வேண்டாம்க்கா. நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள். என் கையைக்கூடப் பிடித்தாள். தட்டிவிட்டேன்.

அன்று கழுவியதைப் போல என் வாழ்நாளில் எதையும் கழுவியதில்லை. ஆசிட் ஊற்றி வைத்து, கொட்டி, குழாய்த் தண்ணீரில் அலசி, வடித்த தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, சூடான காற்றில் உலர வைத்தேன். கடைசியில் அலமாரியைத் திறந்து என் துணியை எடுத்தேன். எல்லோருக்கும் தெரியும்படி உதறி, முனையைத் திரித்து, நுனியைப் பளபளவென்று துடைத்து, சார் கையில் கொடுத்தேன். சார் என் துணியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தண்ணீரை உறிஞ்சி எண்ண ஆரம்பித்தார்.

சொட்டுகள் சின்னச் சின்னதாக, அவசர அவசரமாக விழுந்தன. எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது. பெருத்துத் தொங்கி விழ வேண்டிய சொட்டு, நுனியில் நிற்கவே மாட்டேன் என்கிறது. சார் எண்ணிக்கொண்டே போனார். வர வேண்டிய எண்ணைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்.

அப்போது அந்தப் பிள்ளை, "சார், நீங்க வாங்கும்போது நுனி என் கையில பட்டிருச்சு சார். நான்தான் தெரியாம தொட்டுட்டேன்" என்றாள்.

அவள் நீட்டியது என்ன என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. "பொய் சொல்றா சார்! நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன், அவ கிட்டயே வரல" என்று கத்தினேன். தப்பிக்க ஒருத்தி திறந்த கதவை நானே அறைந்து சாத்தினேன்.

சார் கையை நீட்டினார். "அந்தத் துணியக் கொண்டாம்மா."

கொடுத்தேன். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனார். "ஏலக்காய்" என்றார். பிறகு அந்தப் பிள்ளையிடம், "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார். அவள் தலை குனிந்து நின்றாள். நான் ஊரில் இல்லாதபோது அவளே கழுவி, துடைக்காமல் உலர வைத்து எண்ணியிருக்கிறாள். முதல் தடவையே சரியாக வந்திருக்கிறது. நான் வந்தால் தப்பு, வராவிட்டால் சரி என்றால் காரணம் யாருக்கும் விளங்கும். என் கண்ணாடி மேலிருந்த பளபளப்பு பாதி ஏலக்காய் எண்ணெய், மீதி அலசியும் போகாத சோப்பு. மற்றச் சோதனைகளில் தெரியாமல் போன அதை, சொட்டு தொங்குகிற நுனியிலேயே தினமும் தடவி வைத்திருக்கிறேன்.

பின்னாலிருந்து ஒரு பையன், "டீ போட்டா மணக்கும் சார்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சாரும் லேசாகச் சிரித்துவிட்டார். "சரி சரி, அம்மா நல்லெண்ணத்துலதான செஞ்சாங்க. இனிமே தொடைக்காதீங்கம்மா, அவ்வளவுதான்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது பேசியிருப்பேன். இதற்கு என்ன பேசுவது? வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சவால் விட்டவள், எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். கழுவு தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவிய பீக்கர்களையே திரும்பக் கழுவினேன்.

எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் மேசையில் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தாள். பின்கழுத்து வெறுமையாகத் தெரிந்தது. விடுதியில் யாரோ கத்தரிக்கோலால் வெட்டியது போல, ஓரம் ஏறுக்குமாறாக இருந்தது. துணி விஷயத்துக்காகப் பட்ட வெட்கம் அதுவரை என்னைப் பற்றியதாகத்தான் இருந்தது. அந்தக் கழுத்தைப் பார்த்ததும்தான் உண்மையான வெட்கம் வந்தது. கூசிப் போனேன். பிறந்ததிலிருந்து வளர்த்த முடி. நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன், அவள் அதை நம்பி வெட்டிப் போட்டாள்.

"ஏத்தா" என்றேன்.

"எண்ணிட்டிருக்கேன்க்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவளுடைய எண்கள் சரியாக இருந்தன. தலைப்பு அவளிடமே நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டு ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க இறங்குவார்கள். அரிசி, பருப்புப் பைகளோடு ஜீப்பில் ஏறக் காத்திருந்தவர்களில் ஒரு பெண்ணிடம் இவர், "இந்தா, உங்க மகள் படிக்கிற லேப்புல வேலை பாக்கறது இவதான்" என்று என்னைக் காட்டினார். அந்த அம்மா பைகளைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். காய்க் கறை ஏறிக் கறுத்த விரல்கள்.

"நீங்கதானாக்கா அது? எங்க மோளு வாயத் தொறந்தா உங்க பேச்சுதான். லேப்புல ஒரு அக்கா இருக்காங்க, எனக்குக் கண்ணாடி எல்லாம் அவங்கதான் கழுவித் தர்றாங்க, எங்கிட்ட ரொம்பப் பிரியம்னு சொல்லுவா." எல்லைப் பக்கம் இருந்து இருந்து மகள் என்பது அவருக்கு மலையாளத்து மோளு ஆகியிருந்தது. "முடியக் குடுத்துட்டா பாத்தீங்கல்ல. பரீட்சை நல்லபடியா முடியணும்னு சாமிக்கு நேந்துக்கிட்டாளாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பாத்ததும் ஒரு ராத்திரி பூராம் அழுதேன். அப்புறம், சாமிக்குத்தான குடுத்தா, போகட்டும்னு மனசத் தேத்திக்கிட்டேன்."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஊரறிந்த என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஜீப்பில் ஆட்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். அந்த அம்மா பைக்குள் கை விட்டு, துணி சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். காய்ச்சின எண்ணெய், இன்னும் இளஞ்சூடு இருப்பது போலிருந்தது.

"விடுதியில குடுத்து வச்சிட்டுப் போலாம்னு கொண்டாந்தேன், பூட்டிக் கிடந்துச்சு. இத அவகிட்டக் குடுத்து, தினமும் தேய்ச்சுக்கிறச் சொல்லுங்கக்கா. முடி வெரசா வளந்துரும். நான் குடுத்தா வேண்டாம்னு வச்சிட்டுப் போயிடறா. நீங்க சொன்னா எதுனாலும் கேப்பா."

வாங்கிக்கொண்டேன். ஜீப் கிளம்பி மேட்டில் திரும்புகிற வரைக்கும் அவர் கையசைத்துக்கொண்டே போனார், நானும் தலையை நிமிர்த்தாமல் கையை அசைத்தேன்.